செத்துப்போன போர்டும் அப்லோட் பட்டனும்

எங்கள் பிராஜெக்ட் லேபில் ஜன்னலோரமாக ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்கிறது. மூடியில் மார்க்கரால் ‘டெட்’ என்று எழுதியிருக்கும். அப்லோட் ஆகாத போர்டெல்லாம் கடைசியில் அதற்குள்தான் போகும். யார் போட்டது, எதனால் போட்டது என்று ஒரு குறிப்பும் கிடையாது. “எரர் வந்துச்சு, வேற வாங்கிட்டோம்.” அவ்வளவுதான் அந்த டப்பாவின் வரலாறு. உங்க டிபார்ட்மென்டிலும் இப்படி ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள்.

போன செமஸ்டரில் நாங்களும் அதற்கு ஒரு போர்டு தானம் பண்ணினோம். செகண்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. ஆர்டுயினோ ஊனோவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடை, பெட்டிக்குள் அடங்கணுமே என்று நானோவுக்கு மாற்றினோம். அப்லோட் அமுக்கினால் ஆரஞ்சு நிறத்தில் பத்து வரி. பத்திலும் ஒரே விஷயம்: ‘நாட் இன் சிங்க்’. கேபிள் மாற்றினோம். லேப்டாப் மாற்றினோம். ஐடிஇயை அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போட்டோம். ராத்திரி இரண்டரை மணிக்கு “போர்டு செத்துப்போச்சு மச்சி” என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் படுத்தோம். காலையில் கடை திறக்கும்வரை வாசலில் நின்று புது நானோ வாங்கிவந்தோம். மாட்டினால் அதே பத்து வரி. ரிவ்யூவில் பிபிடியை மட்டும்தான் காட்ட முடிந்தது. “ஹார்ட்வேர் எங்கப்பா?” என்று கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டதை நினைத்தால் இப்பவும் கூசுகிறது.

மூன்று நாள் கழித்து லேப் அசிஸ்டென்ட் அண்ணா அந்த போர்டை வாங்கிப் பார்த்தார். ஐடிஇயைத் திறக்கவே இல்லை. டெர்மினலில் ஒரு வரி அடித்தார். சில விநாடியில் எங்கள் புரோகிராம் போர்டுக்குள் போய்விட்டது.

“இதுக்கா தம்பி புது போர்டு வாங்குனீங்க?”

அவர் செய்தது இவ்வளவுதான்: 115200 என்று இருக்க வேண்டிய இடத்தில் 57600 என்று போட்டார். 2018-க்கு முந்தின நானோக்களில் இருக்கும் பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும். அதற்குப் பிறகு வந்த ஒரிஜினல் நானோ 115200. நமக்குக் கடையில் கிடைக்கிற குளோன் போர்டுகளில் பலவற்றில் இன்னும் பழைய பூட்லோடர்தான். இதற்கு ஐடிஇயிலேயே ஆப்ஷன் உண்டு. டூல்ஸ் மெனுவில் ப்ராசஸர் என்ற இடத்தில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்று எழுதியிருக்கும். அதை நாங்கள் அந்த ராத்திரி பார்க்காமல் இல்லை. பார்த்தோம். பூட்லோடர் என்றால் என்னவென்றே தெரியாததால் தொடவில்லை.

என் டீம்மேட் ஒருத்தன் தமிழ் மீடியம். “எனக்கு இங்கிலீஷ் ஒழுங்கா வந்திருந்தா அந்த எரர் புரிஞ்சிருக்கும்டா” என்று ரொம்ப வருத்தப்பட்டான். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கும் அந்தப் பத்து வரியில் ஒன்றும் புரியவில்லை என்பதை அவனிடம் சொல்லவேண்டியிருந்தது. பிரச்சினை மொழி இல்லை. பட்டனுக்குப் பின்னால் நடப்பதை எங்கள் இரண்டு பேருக்குமே யாரும் காட்டவில்லை, நாங்களும் தேடவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். எம்பெடட் லேபில் முதல் இரண்டு வாரமாவது ஐடிஇயை மூடிவைத்துவிட்டு, கமாண்ட் லைனிலிருந்து போர்டை புரோகிராம் பண்ணவைக்கணும். லேபில் பண்ணவைக்கவில்லையென்றால் நீங்களாகவே பண்ணிப் பாருங்கள்.

அப்லோட் பட்டனை அமுக்கியதும் என்ன நடக்கிறது? முதலில் ஏவிஆர்-ஜிசிசி என்ற கம்பைலர் நம் கோடை மெஷின் கோடாக மாற்றுகிறது. அது ஒரு ஹெக்ஸ் ஃபைலாக வெளியே வருகிறது. ஹெக்ஸ் ஃபைல் என்றதும் பயப்படாதீர்கள், நோட்பேடில் திறந்தே பார்க்கலாம், வெறும் எழுத்தும் எண்ணும்தான். அடுத்து ஏவிஆர்டூட் என்ற புரோகிராம் அந்த ஃபைலை யுஎஸ்பி வழியாக போர்டுக்கு அனுப்புகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஏவிஆர்டூட் போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர் என்ற லைன் கீழே இறங்கும். அது ஒரு சின்ன கபாசிட்டர் வழியாகச் சிப்பின் ரீசெட் பின்னை ஒரு தட்டு தட்டும். சிப் ரீசெட் ஆனதும் முதலில் எழுந்திருப்பது நம் புரோகிராம் இல்லை, பூட்லோடர். அது கொஞ்ச நேரம், ஊனோவில் சுமார் ஒரு விநாடி, “யாராவது பேசுறாங்களா?” என்று காது கொடுத்துக் காத்திருக்கும். அந்த நேரத்துக்குள் ஏவிஆர்டூட் 0எக்ஸ்30, 0எக்ஸ்20 என்று இரண்டு பைட் அனுப்பும். போர்டு 0எக்ஸ்14, 0எக்ஸ்10 என்று பதில் சொன்னால் கை குலுக்கியாச்சு. சொல்லாவிட்டால்? ‘நாட் இன் சிங்க்’. பத்து தடவை கேட்டுப் பார்க்கும், அதனால்தான் பத்து வரி.

இதைத் தெரிந்துகொண்டு அந்த எரரைத் திரும்பப் படித்துப் பாருங்கள். போர்டு செத்துவிட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. “கூப்பிட்டேன், பதில் வரவில்லை” என்றுதான் சொல்கிறது. பதில் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். வேகம் தப்பாக இருக்கலாம், போர்ட் தப்பாக இருக்கலாம், ரீசெட் ஆகாமல் இருக்கலாம், ஆர்எக்ஸ் டிஎக்ஸ் பின்னில் ப்ளூடூத் மாட்யூலை மாட்டிவிட்டுக் கழற்ற மறந்திருக்கலாம். பட்டன் இந்த எல்லாத்தையும் ஒரே ஆரஞ்சு பெட்டிக்குள் கொட்டிவிடுகிறது. கமாண்ட் லைனில் இவை ஒவ்வொன்றும் நாம் கையால் அடிக்கிற தனித்தனி விஷயம். எந்தச் சிப், எந்த ப்ரோகிராமர், எந்த போர்ட், எந்த வேகம், எந்த ஃபைல் என்று நாமேதான் சொல்லணும். அதனால் எதை மாற்றிப் பார்க்கலாம் என்பதும் நமக்கே தெரிந்துவிடும்.

(ஒரு எச்சரிக்கை: ஏவிஆர்டூட் கமாண்டில் சிப், போர்ட், வேகம் மூன்றுக்கும் வருகிற எழுத்தைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘பி’தான். சிப்புக்கு ‘பென்’னில் வரும் சின்ன பி, போர்ட்டுக்கு அதே எழுத்தின் பெரிய பி, வேகத்துக்கு ‘பால்’ என்பதில் வரும் சின்ன பி. இந்த இதழுக்காக முழு கமாண்டையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். எனக்கே சுற்றியதால் விட்டுவிட்டேன்.)

அப்படியென்றால் ஆர்டுயினோவைச் செய்தவர்கள் தப்புப் பண்ணிவிட்டார்களா? இல்லை. 2005-ல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், ஒரு டிசைன் கல்லூரியில் ஆரம்பித்தது அது. எலக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களும் ஓவியர்களும் ஒரு எல்இடியை மின்ன வைக்கணும், ஒரு மோட்டாரைச் சுற்ற வைக்கணும் என்பதற்காக வந்தது. அவர்களிடம் பூட்லோடரைக் காட்டாமல் மறைத்தது கருணை. நாம் நாலு வருஷம் மைக்ரோகன்ட்ரோலர் என்று ஒரு பேப்பரே எழுதுகிறோம். நம்மிடமிருந்தும் அதை மறைப்பது கருணை இல்லை. எழுத்துத் தேர்வில் ரிஜிஸ்டர் டயக்ராம் வரைந்து 13 மார்க் வாங்கிவிட்டு, லேபில் அந்த ரிஜிஸ்டரைத் தொடாமலே வெளியே வருகிற ஆட்கள் நாம்.

எங்கள் லேப் ஐடிஇயில் பிளிங்க் புரோகிராமை கம்பைல் பண்ணினால் 924 பைட் வருகிறது. அதையே ரிஜிஸ்டரில் நேராக எழுதி ஏவிஆர்-ஜிசிசியில் போட்டேன். 200 பைட்டுக்குள் முடிந்தது. அதிலும் 104 பைட் இன்டரப்ட் வெக்டர் டேபிள். 32 கேபி ஃபிளாஷ் இருக்கும்போது இந்த மிச்சத்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பைட்டும் எங்கே போனது என்று முதல்முறையாக அன்றைக்குத்தான் கேட்டேன். ராம் 2 கேபிதான் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

“பிளேஸ்மென்ட்ல இதெல்லாம் யார்றா கேக்கப்போறா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்காமலே போகலாம், எனக்கு அதில் வாக்குவாதம் இல்லை. “ஃபர்ஸ்ட் இயர் பசங்க கறுப்பு ஸ்கிரீனைப் பார்த்தா ஓடிருவாங்க” என்கிறார்கள். இது நியாயமான கேள்வி. முதல் எல்இடி மின்னும்போது வருகிற சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது. அந்த முதல் நாளுக்குப் பட்டனே இருக்கட்டும். நானும் சீரியல் ப்ளாட்டர் பார்க்க இன்னும் ஐடிஇயைத்தான் திறக்கிறேன். நான் சொல்வது அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி.

ஒரேயடியாகக் குதிக்கவும் வேண்டாம். ஐடிஇயில் ப்ரிஃபரன்ஸஸ் போய், கம்பைலுக்கும் அப்லோடுக்கும் ‘வெர்போஸ்’ என்று இருக்கிற இரண்டு டிக்கையும் போடுங்கள். பட்டன் அமுக்கியதும் ஐடிஇ உங்களுக்காக அடிக்கிற கமாண்டெல்லாம் கீழே ஓடும். ஏவிஆர்டூட் வரியை அப்படியே காப்பி பண்ணி டெர்மினலில் போட்டுப் பாருங்கள். லினக்ஸில் ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் உங்கள் யூசரை டயல்அவுட் என்ற குரூப்பில் சேர்த்து, லாக்அவுட் பண்ணி மறுபடி வரணும். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறார்கள். அதன் பிறகு ஆர்டுயினோ சிஎல்ஐ போட்டுக்கொள்ளலாம். புது ஐடிஇ 2 உள்ளுக்குள் அதைத்தான் ஓட்டுகிறது. 4 ஜிபி ராம் லேப்டாப்பில் ஐடிஇ 2 திறப்பதற்குள் கேன்டீன் போய் டீ குடித்துவிட்டு வரலாம். சிஎல்ஐக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. என் டீம்மேட்டின் லேப்டாப் அப்படிப்பட்டதுதான். இப்போது எங்கள் மூவரில் அவன்தான் வேகமாக அப்லோட் பண்ணுகிறான்.

பைனல் இயர்காரர்களுக்கு இன்னொன்று. போன பேட்ச் பிராஜெக்டை எங்களுக்கு ஒரு ஜிப் ஃபைலாகக் கொடுத்தார்கள். உள்ளே ஒரே ஒரு ஐனோ ஃபைல். எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன், எந்த போர்டு செட்டிங் என்று எதுவும் இல்லை. கம்பைல் ஆகவைக்கவே இரண்டு வாரம் ஆனது. சிஎல்ஐயில் ஸ்கெட்ச் யாமல் என்று ஒரு சின்ன ஃபைலில் போர்டு, கோர் வெர்ஷன், லைப்ரரி வெர்ஷன் எல்லாம் எழுதி வைத்துவிடலாம். அடுத்த பேட்ச் ஒரே கமாண்டில் கம்பைல் பண்ணிக்கொள்ளும். மெனுவில் எதை எதை க்ளிக் பண்ணினோம் என்பதை யாருக்கும் ஒப்படைக்க முடியாது. கமாண்டை ஒப்படைக்கலாம். நாங்கள் எங்கள் ஃபோல்டரில் அதை வைத்துவிட்டோம்.

போன சனிக்கிழமை அந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து மேசைமேல் கொட்டினோம். மொத்தம் 11 போர்டு. நாலு நானோ 57600 என்று போட்டதும் எழுந்துகொண்டன. இரண்டு ஊனோ எந்த வேகத்துக்கும் பதில் சொல்லவில்லை. இன்னொரு ஊனோவை ஐஎஸ்பி ப்ரோகிராமராக மாற்றி, அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வைத்து, சிக்னேச்சர் கேட்டோம். 1இ 95 0எஃப் என்று பதில் வந்தது. ஏடிமெகா328பி உயிரோடுதான் இருக்கிறது, பூட்லோடர் மட்டும் அழிந்திருக்கிறது. திரும்ப எழுதியதும் சரியாகிவிட்டது. ஒரு இஎஸ்பி32-க்கு, எழுதும்போது பூட் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதுமாக இருந்தது. மிச்சம் நாலு நிஜமாகவே போய்விட்டன.

கூட உட்கார்ந்திருந்த செகண்ட் இயர் பொண்ணு அந்த நாலையும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு, “அண்ணா, இதெல்லாம் எதனால செத்துச்சுன்னு அந்த டெர்மினல் சொல்லாதா?” என்று கேட்டாள். சொல்லாது, அதுக்கு மல்டிமீட்டர் வேணும் என்றேன். திங்கட்கிழமை எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள்.