ஓடாத உந்துருளிக்கு என்ன விலை?

செய்தி எழுதும்போது 'உந்துருளி' என்று எழுதிக் கை பழகிவிட்டது. ஆனால் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதியும் ஒரு தடவைகூட அந்தச் சொல்லை வாயால் உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்தில் அது மோட்டார் சைக்கிள்தான். அவசரத்தில் மோட்டச்சைக்கிள்.

சில மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து பல்கலைக்கழகக் கால நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தந்தையார் தபாலதிபர். 1960களில் பி.எஸ்.ஏ. பன்ரம் ஒன்று வைத்திருந்தவர். அதன் பெற்றோல் தாங்கியின் மேல் அமர்ந்து கோயிலுக்குப் போன நினைவு நண்பருக்கு இன்னும் மாறவில்லை. கோண்டாவிலில் ஒரு வீட்டில் அதே மாதிரி வண்டியொன்று பல வருடங்களாக ஓடாமல் கிடப்பதாக யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "போய்ப் பார்த்து வாங்கிவிடு மச்சான். விலை எவ்வளவானாலும் பரவாயில்லை" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குப் பிணக்கு.

'எவ்வளவானாலும் பரவாயில்லை' என்று சொல்பவர் தாராள மனம் கொண்டவர் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அவருடைய பணம், அவருடைய ஆசை, நமக்கென்ன என்றும் கேட்கலாம். ஆனால் ஒருவர் ஐந்து மடங்கு கொடுத்து ஒரு வண்டியை வாங்கினால் அந்தச் செய்தி அன்று மாலையே ஊரைச் சுற்றிவிடும். அடுத்த ஒழுங்கையில் இதேபோல ஒன்றை வைத்திருப்பவர் அதற்குக் குறைந்து கொடுக்க மாட்டார். உள்ளூரில் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. வெளிநாட்டிலிருந்து இரண்டாவது பைத்தியக்காரர் வரும்வரை வண்டி மாமரத்தின் கீழ் மழையில் நனைந்துகொண்டிருக்கும். திருத்தக்கூடிய நிலையில் இருந்த வண்டிகள் இப்படிக் கேட்ட விலையோடு சேர்ந்து மண்ணாய்ப் போனதை நான் இரண்டு மூன்று இடங்களில் கண்டிருக்கிறேன். காணி விலைக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் காணி துருப்பிடிப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. 2002 இல் ஏ-9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வந்த வியாபாரிகள் பழைய கார்களையும் கதிரை மேசைகளையும் என்ன விலைக்கு அள்ளிச் சென்றார்கள் என்பதை நேரில் பார்த்தவன் நான். பொருளின் பெறுமதி தெரியாதவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதைச் சாமர்த்தியம் என்று சொல்லும் பழக்கம் நம்மவரிடமும் இருக்கிறது. ஆகவே நண்பரிடம், நான் விலையைக் கணக்குப் பார்த்துத்தான் பேசுவேன், சம்மதமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. வயது 80ஐத் தொட்டிருக்கும். கணவரும் ஆசிரியர். அவர் 1968 இல் இரண்டாம் கையாக வாங்கிய வண்டி அது. விறகுக் கொட்டிலில் சாக்கு மூடிக் கிடந்தது. பழைய இரும்புக்காரர் 25,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பொடியனோ இணையத்தில் இதே வண்டி 8 இலட்சம் என்று காட்டியிருக்கிறான். "இதிலை எது தம்பி உண்மை?" என்று கேட்டார். இரண்டும் இல்லை ரீச்சர் என்றேன்.

முதலில் இந்த வண்டி என்ன என்பதைச் சொல்லவேண்டும். பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம். பெயரிலேயே ஆயுதம் இருக்கிறது. அதன் சின்னமும் சார்த்தி நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.ரி. 125 என்ற வண்டியின் வரைபடங்கள் போர் நட்டஈடாக வெற்றிபெற்றவர்கள் கைக்கு வந்தன. அதிலிருந்து 1948 இல் பிறந்ததே பன்ரம். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் சோவியத் ஒன்றியமும் அதே வரைபடத்தைப் பயன்படுத்தின. 1955 இல் யமஹா வெளியிட்ட அதன் முதலாவது மோட்டார் சைக்கிளும் இதே ஜேர்மன் வண்டியைப் பார்த்துச் செய்ததுதான். பன்ரம் 1971 வரை இலட்சக்கணக்கில் உற்பத்தியானது. பிரித்தானியாவில் தந்திச் சேவகர்கள் சிவப்பு வர்ணப் பன்ரத்தில்தான் ஓடித்திரிந்தார்கள். அதாவது இது சாதாரண மனிதனின் வண்டி. அருமையான பொருள் என்று சொல்லி வின்சென்ற் விலை கேட்பதில் நியாயமில்லை. அதே காரணத்தால் உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது என்பது வாங்குபவருக்கு ஆறுதல்.

ஓடாத வண்டியைப் பார்க்கப் போகிறவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி ஒன்றுதான். ஓடி நின்றதா, உடைந்து நின்றதா? "அவர் ஓடிக்கொண்டு வந்துதான் விட்டவர். பிறகு கண் தெரியேல்லை" என்றார் ரீச்சர். அது 2004 இல். இருபது வருடத்துக்கு மேல் நின்றாலும், ஓடி நின்ற இயந்திரத்துக்கு ஒரு மரியாதை உண்டு. உடைந்து நின்றதென்றால் உள்ளே என்ன உடைந்தது என்பது திறக்கும்வரை தெரியாது.

கிக்கரை மிதித்தால் அசையவில்லை. என்னோடு வந்த பாஸ் பிளக்கைக் கழற்றி டீசலும் ஒயிலும் கலந்து உள்ளே விட்டார். மூன்று நாள் கழித்துப் போய், கடைசிக் கியரில் போட்டு, பின் சில்லை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினோம். அரைமணி நேரத்தில் 'களுக்' என்று விட்டுக்கொடுத்தது. பன்ரத்துக்குத் தீப்பொறி தருவது சில்லோடு சேர்ந்த மக்னீற்றோ. பற்றரி செத்திருந்தாலும் பொறி வரவேண்டும். பிளக்கைத் தலையில் வைத்து மிதித்துப் பார்த்தபோது மெலிதாக ஒரு நீலம் தெரிந்தது. (இறுகிய இயந்திரத்தை நாமே இளக்கி விலையை நாமே ஏற்றிவிட்டோமே என்று பாஸ் திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.)

யாழ்ப்பாணத்து வண்டிக்கு இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும். மண்ணெண்ணெய் குடித்ததா? 1990 இலிருந்து பொருளாதாரத் தடையில் பெற்றோல் போத்தலில் விற்ற காலத்தை இங்கிருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. ஊசிமருந்து ஏற்றும் குழாயால் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் புகை கக்கிக்கொண்டு ஓடினோம். அப்படி ஓடிய இயந்திரத்தில் கரி படிந்திருக்கும். பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். இந்த வண்டி ஐந்து வருடம் மண்ணெண்ணெய் குடித்தது. 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் அரிசி மூட்டையையும் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு சாவகச்சேரி வரை உருட்டப்பட்டும் போனது. ஆகவே சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடவேண்டும் என்பதைத் திறக்காமலே கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

பொதுவாக எல்லோரும் இயந்திரத்தைத்தான் பார்த்து விலை பேசுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இல்லாத பொருட்களைத்தான் முதலில் எண்ணவேண்டும். பிஸ்டன், பெயரிங், சீல் எல்லாம் இங்கிலாந்திலிருந்து புதிதாக வரவழைக்கலாம். ஆனால் அந்தக் காலத்துத் தட்டையான புகைக்குழாய், ஸ்மித்ஸ் வேகமானி, முன்விளக்கின் கோது, கருவிப்பெட்டி மூடி போன்றவை தொலைந்திருந்தால் அவற்றைத் தேடுவதற்குள் வண்டி விலை போய்விடும். அதுவும் 2022 இல் ரூபாய் சரிந்த பிறகு பவுணில் வாங்கும் ஒவ்வொரு ஆணியும் கடிக்கிறது. இங்கே வேகமானி இருந்தது. கருவிப்பெட்டிக்கு மூடி இல்லை. தாங்கியிலிருந்த சேவல் படம் அரைவாசி அழிந்திருந்தது. பன்ரம் என்றால் சிறுவகைச் சேவல்.

அடுத்தது பத்திரம். ரீச்சர் ஒரு பிஸ்கற் பேணிக்குள் பதிவுப் புத்தகத்தையும் வரிப் பத்திரங்களையும் அடுக்கி வைத்திருந்தார். இலக்கத் தகடு 'ஈ.என்.' என்று தொடங்குகிறது. 'ஸ்ரீ' வருவதற்கு முந்தியது. தமிழரசுக் கட்சி 1957-58 இல் தார் பூசிய எழுத்து இந்த வண்டியில் ஒருபோதும் ஏறவில்லை என்று ரீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். சேசிஸ் இலக்கம் துருவுக்குள் மறைந்திருந்தது. கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் அசல் என்று சிலர் வாதாடுவதுண்டு. அந்தக் காலத்துப் பன்ரத்தில் இரண்டும் தொழிற்சாலையிலேயே வெவ்வேறுதான். ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்! பார்க்கவேண்டியது இரண்டும் புத்தகத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்பதையே. புத்தகம் இல்லாத வண்டி எவ்வளவு பளபளத்தாலும் உதிரிப்பாகத்தின் விலைதான் பெறும். இறந்தவர் பெயரில் இருப்பதை மாற்ற மரணச் சான்றிதழும் வாரிசு ஆவணங்களும் வேண்டும். அந்த அலைச்சலுக்கும் ஒரு விலை உண்டு.

இனிக் கணக்கு. இதே வண்டி ஓடும் நிலையில், புத்தகத்தோடு, இங்கே என்ன விலைக்குக் கைமாறும் என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். இணையத்தில் கேட்கும் விலையை நான் எடுக்கவில்லை. கேட்பது வேறு, கைமாறுவது வேறு. மாதக்கணக்காக நீக்கப்படாமல் இருக்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆளில்லை என்பதற்கே சாட்சி. நான்கரை இலட்சம் என்பது நியாயமாகப் பட்டது. பாஸ் சொன்ன திருத்தச் செலவு, ரயர், ரியூப், கம்பி, வர்ணம் எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 20,000. திறந்து பார்த்தபின் வரக்கூடிய அதிர்ச்சிக்கு அதில் கால்வாசி, 55,000. கழித்தால் 1 இலட்சத்து 75,000.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். விற்பவர் திருத்தச் செலவைக் கழிக்க மறுக்கிறார். "சின்ன வேலைதான், கார்பரேற்றரைக் கழுவினால் ஓடும்" என்பார். அப்படியானால் அவரே ஏன் கழுவவில்லை என்று கேட்கவேண்டும். வாங்குபவர் அதைவிட மோசம். திருத்தச் செலவைக் கழிப்பார், அதிர்ச்சியைக் கழிப்பார், பிறகு பழைய இரும்பு விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குவார். தந்தையாரின் நினைவுக்காக மேலதிகமாகக் கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கட்டும். அது விலையல்ல, அன்பளிப்பு என்று இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். இரண்டையும் ஒரே தொகையில் கலந்துவிட்டால் ஊருக்கு அது விலையாகத்தான் கேட்கும்.

கணக்கெழுதிய தாளை ரீச்சரிடம் அப்படியே நீட்டினேன். பாஸ் என்னை முறைத்தார். பேரம் பேசப் போகிறவன் தன் கணக்கைக் காட்டுவதா? ரீச்சர் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதுபோல மேலிருந்து கீழாக விரலோட்டினார். 55,000 என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது வரலாம், வராமலும் விடலாம். அப்பிடித்தானே?"

"ஓம் ரீச்சர்."

"வராட்டில் எனக்குத் திருப்பித் தருவீங்களோ?"

என்னிடம் பதில் இல்லை.

"அப்ப நீங்கள் முழுசாக் கழிக்கிறது பிழை. பாதி உங்கடை, பாதி என்ரை" என்றவர், தாளில் 27,500 என்று எழுதிக் கூட்டினார். 2 இலட்சத்து 2,500. "2 இலட்சத்தைத் தாங்கோ. மிச்சத்தை லொறிக்காரனுக்குக் குடுங்கோ."

நண்பருக்கு அன்றிரவே தாளைப் படமெடுத்து அனுப்பினேன். அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது வண்டி ஓடவேண்டுமாம். பாஸ் இயந்திரத்தைத் திறந்துவிட்டார். பெரிய அதிர்ச்சி ஒன்றும் இதுவரை இல்லை. கருவிப்பெட்டி மூடிதான் இன்னும் கிடைக்கவில்லை.