முதுகுவலிக்கு யார் செலவு செய்வது?

சென்ற மாதம் காரைக்கால் பாரதியார் சாலையிலுள்ள ஒரு மருந்துக் கடையில் ரத்த அழுத்த மாத்திரைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் இடுப்புப் பட்டை கேட்டு வாங்கினார். "அப்பாவுக்கா தம்பி?" என்றேன். "எனக்குத்தான் சார். காலேஜ் பெஞ்சில் சாய்மானம் கிடையாது" என்றார். வயது இருபதைத் தாண்டியிராது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். அந்த பெஞ்சுகளை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. மேடையில் எனக்கொரு பிரம்பு நாற்காலி இருந்தது; அதுவே காரணமாக இருக்கலாம்.

கடந்த ஆண்டு ஜூலையில் தமிழகப் பள்ளி வகுப்பறைகளில் 'ப' வடிவில் இருக்கைகளை அமைக்கச் சொன்ன சுற்றறிக்கை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மலையாளத் திரைப்படமொன்று தந்த தூண்டுதல் அது. பக்கவாட்டில் அமரும் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பியே கரும்பலகையைப் பார்க்க வேண்டும், கழுத்துவலி வரும் என்ற எதிர்ப்பு எழுந்ததும் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பெஞ்சுகளை எந்த வடிவில் போடுவது என்று பேசிய அளவுக்கு, பெஞ்சு எப்படி இருக்கிறது என்று யாரும் பேசவில்லை.

காரைக்கால் சிறிய மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2 லட்சம். ஆனால், திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம், ஜிப்மர் கிளை, பல்கலைக்கழக வளாகம், வேளாண் கல்லூரி, அரசு கலைக் கல்லூரிகள் என உயர்கல்வி இங்கே அடர்ந்திருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் பலர் விடுதியிலும் வாடகை அறையிலும் தங்குகின்றனர். பகலில் வகுப்பு பெஞ்சு, இரவில் கட்டிலில் மடிக்கணினி. இரண்டிலும் முதுகுக்கு ஆதாரமில்லை.

உலக அளவில் 2020-இல் கீழ்முதுகுவலியால் அவதியுற்றோர் ஏறத்தாழ 61.9 கோடி, 2050-இல் இது 84 கோடியைத் தாண்டக்கூடும் என 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு நாம் தேடும் மருந்தோ கடையில் தொங்கும் பட்டையும் மெத்தையும்தான். இடுப்புப் பட்டை முதுகுவலியைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்பதே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. உடற்பயிற்சிக்கு அந்த ஆற்றல் உண்டு என்கின்றனர். நேர்மையாகச் சொன்னால், விலையுயர்ந்த நாற்காலி மட்டுமே வலியைத் தடுத்துவிடும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்கவே சொல்கிறது. இத்தனை மணி நேரம்தான் என்று எல்லை வகுக்கவில்லை.

இங்குதான் என் பாடம் குறுக்கிடுகிறது. ஒருவர் மிச்சப்படுத்தும் செலவை இன்னொருவர் சுமப்பதைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்போம். ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலையே வெல்கிறது. சாய்மானப் பலகையை விட்டுவிட்டால் பெஞ்சின் விலை குறையும். தணிக்கையில் எண்ணிக்கை சரியாக இருக்கும். மிச்சமான பணம் நிறுவனத்தின் கணக்கில் தெரியும். மாணவர் வாங்கும் பட்டையும் தைலமும் எந்தக் கணக்கிலும் வராது. 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லையென்றால் தேர்வெழுத முடியாது என்று கட்டாயப்படுத்தி உட்கார வைப்பவர்கள், எதில் உட்கார வைக்கிறோம் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டாமா? ஐந்தடி உயர மாணவிக்கும் ஆறடி மாணவருக்கும் ஒரே உயர பெஞ்சு. அவருக்குக் கால் தரையில் எட்டாது, இவருக்கு முழங்கால் மேசையில் இடிக்கும். இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இலேயே நூலாக வெளியிட்டுவிட்டது. அளவு தெரியாமல் போனதல்ல குறை.

கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழகமும் சட்டம் திருத்தின. தமிழக மாவட்டங்கள் சூழ்ந்திருந்தும் காரைக்கால் புதுச்சேரியின் பகுதி. அந்தத் திருத்தம் இங்கே செல்லாது. மாணவர்களைப் பொருத்தவரை சட்டத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. இரண்டு பாடவேளைகளுக்கு நடுவே பத்து நிமிடம் எழுந்து நடக்க விட்டால் காசு செலவில்லை. கால அட்டவணையை மாற்றி எழுதினால் போதும். அடுத்த முறை பெஞ்சு வாங்கும்போது, கொள்முதல் குழுவினர் அந்த மாதிரி பெஞ்சிலேயே மூன்று மணி நேரம், ஒரு தேர்வு நேரம், அமர்ந்து பார்த்துவிட்டுக் கோப்பில் கையெழுத்திடட்டும்.