தண்டவாளத்தில் ஓடும் பளு

உடற்பயிற்சிக் கூடத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று இலக்கிய நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் சூழலில் உடல் என்பது பெரும்பாலும் ஒரு கோட்பாட்டுச் சொல். உடலரசியல் குறித்து நாற்பது பக்கம் எழுதுகிறவர் நாலு பஸ்கி எடுக்கமாட்டார். அது அவரவர் விருப்பம். ஆனால் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவர்களில் கணிசமானோர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஒப்பந்தக் கூலிகளாக இரவுப் பணி பார்த்துவிட்டு, விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்கள். உடல்தான் அவர்களிடம் இருக்கும் முதல். அந்த முதலைப் பெருக்கித் தருவதாகச் சொல்லிச் சந்தா வாங்கும் கூடங்களில் அவர்களுக்கு எது கற்பிக்கப்படுகிறது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. சண்டையும் உண்டு.

சண்டை ஓர் எந்திரத்தை முன்வைத்து. ஸ்மித் மெஷின் என்பது அதன் பெயர். இரண்டு தூண்கள், அவற்றில் மேலும் கீழும் மட்டுமே ஓடும்படி பூட்டப்பட்ட ஒரு பார், மணிக்கட்டைத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும் கொக்கிகள். 1950களில் அமெரிக்காவில் ஜாக் லலேன் உருவாக்கிய அமைப்பை ரூடி ஸ்மித் என்பவர் மேம்படுத்த, விக் டேனியின் உடற்பயிற்சிக் கூடங்கள் வழியாக அது பரவியது. இன்று ஜி.என்.டி. சாலையோரத்து மாடிக் கூடங்களில், கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நடுநாயகமாக நிற்பது அதுதான். பையன்கள் ஃப்ரீ வெயிட் என்று சொல்லும், எதிலும் பூட்டப்படாத பாரும் தகடுகளும் ஒரு மூலையில் துருவேறிக் கிடக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவனைப் பயிற்சியாளர் நேரே அந்த எந்திரத்திடம்தான் அழைத்துப் போகிறார். 'இதுதாம்பா சேஃப்டி. ஒரு வருஷம் இதுல அடி, அப்புறம் பாக்கலாம்.' அந்த 'அப்புறம்' வருவதில்லை. வலிமை வேண்டி வருகிறவனுக்கு இதை முதற்பாடமாக வைப்பது தவறு என்பதே என் தரப்பு.

எந்திரம் எதைச் செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒருவன் தோளில் பாரை வைத்துப் பஸ்கி எடுக்கும்போது அவனுக்கு இரண்டு வேலைகள். பளுவைத் தூக்குவது ஒன்று, அது முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சரியாமல் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே நிறுத்திவைப்பது மற்றொன்று. ஸ்மித் எந்திரம் இரண்டாவது வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. பார் சரிய வழியில்லை என்பதால், பழகியவன் சற்று நாளில் பாதங்களை முன்னே தள்ளி வைத்து முதுகைப் பாரின்மேல் சாய்க்கத் தொடங்குகிறான். தனிப் பாரில் இப்படிச் செய்தால் அடுத்த கணமே மல்லாந்து விழுவான். இங்கே விழுவதில்லை, ஆகவே தவறு என்று தெரிவதும் இல்லை. படுத்துக்கொண்டு மார்புக்குப் பளு தள்ளுவதிலும் இதே சிக்கல்தான். இயல்பாகப் பழகியவனின் பார் நெஞ்சின் கீழ்ப்பகுதியிலிருந்து தோளுக்கு நேர்மேலாகச் சாய்ந்த ஒரு வளைகோட்டில் போகும். செங்குத்துத் தூணில் அது நேர்கோட்டில் மட்டுமே போக முடியும். வளைந்துகொடுக்க வேண்டியது மனிதனின் தோள்மூட்டு.

இன்னொரு விஷயம் யாரும் பேசாதது. போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் ஒலிம்பிக் பாரின் எடை 20 கிலோ. பல ஸ்மித் எந்திரங்களில் பாருக்கு எதிர்ப்பளு தொங்குவதால், கையில் இறங்கும் எடை அதில் பாதிகூட இருக்காது. போதாக்குறைக்கு உராய்வு. நம் பக்கத்துப் பட்டறைகளில் குழாயை வெட்டிப் பற்றவைத்துச் செய்யும் மலிவான எந்திரங்களில் தண்டும் உறையும் தேய்ந்து, எண்ணெய் காணாமல் முனகும். உராய்வு எப்போதும் அசைவுக்கு எதிர்த்திசையில் வேலை செய்வது. ஏற்றும்போது பளுவைக் கூட்டிக் காட்டும். இறக்கும்போது பளுவைத் தானும் தாங்கிக்கொள்ளும். இறக்கும்போது தசை செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கு இப்படிக் களவு போகிறது. 'நான் நூறு கிலோ அடிக்கிறேன் சார்' என்று மாணவன் சொல்லும்போது, எந்த நூறு என்று கேட்கத் தோன்றுகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைத்துவிட்டு வெல்ல எனக்கு விருப்பமில்லை. தனிப் பாருக்கு வக்காலத்து வாங்குவோர் எங்கும் நீட்டுவது 2009இல் வெளிவந்த ஒரு கனடிய ஆய்வை. தனிப் பாரில் பஸ்கி எடுக்கும்போது தசைகளின் மின்செயல்பாடு ஸ்மித் எந்திரத்தைவிடச் சராசரியாக 43 சதவீதம் அதிகம் என்றது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் ஆறே பேர். ஆறு பேரை வைத்து உலகத்தை நிறுவ முடியாது. மாறாக, 2023இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தசை பருப்பதில் எந்திரப் பயிற்சிக்கும் தனிப்பளுப் பயிற்சிக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆக, புஜம் பருக்க வேண்டும், சட்டை இறுக வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் எந்திரமே போதும். இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு முடிவும் இருக்கிறது. கூடத்துக்காரர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். தனிப்பளுவில் பழகியவர்கள் தனிப்பளுச் சோதனையில் கூடுதலாக முன்னேறினார்கள் என்பதே அது. எதில் பழகினாயோ அதில்தான் வலிமை கூடும். அப்படியானால் கேள்வி எளிது. நம் பையன்கள் எழுதப்போகும் தேர்வு எது?

காவலர் பணிக்கான உடற்தகுதித் தேர்வில் கயிறு ஏற வேண்டும். தொங்கும் கயிறு ஆடும். ஏறுகிறவனின் உடம்பே பளு. லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்குகிறவனுக்கு 50 கிலோ எடை தரையிலோ தோளிலோ தூணில் பூட்டப்பட்டு வருவதில்லை. மூட்டைக்குள் சரக்கு நகர்கிறது, பலகை வழுக்குகிறது, பின்னால் ஒருவன் அவசரப்படுத்துகிறான். உருட்டாலையில் கம்பிக்கட்டைப் புரட்டுகிறவனுக்கும் அப்படியே. சரியப் பார்க்கும் எடையைச் சரியாமல் நிறுத்தும் அந்த இரண்டாவது வேலைதான் இவர்களுடைய வாழ்க்கையில் முதல் வேலை. அதைச் செய்யாமலிருக்கப் பழக்கும் கருவிக்கு இவர்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். மார்பு விரிந்து, கண்ணாடியில் அழகாகத் தெரிந்து, குனிந்து மூட்டையைத் தொட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் இளைஞர்களைக் கண்டவன் நான். அவர்களைக் கேலி செய்ய மனம் வரவில்லை. குனிவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. தனிப் பாரைக் கற்பிக்க ஓர் ஆள் வேண்டும். பாதம் எங்கே, மூச்சு எப்போது, முதுகு எந்த நிலையில் என்று பக்கத்தில் நின்று ஒவ்வொருவனையும் பல வாரங்கள் திருத்த வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எந்திரமோ ஒருமுறை வாங்கிப்போட்டால் தானே வழிநடத்திக்கொள்ளும். கூடத்துக்காரர் பாதுகாப்பு என்று சொல்வதில் பாதி, ஆசானுக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்தின் மிச்சம். இது எனக்குப் பழக்கமான வியாபாரம்தான். எங்கள் துறையில் இதற்கு நோட்ஸ் என்று பெயர். மூலத்தைத் தொடாமலேயே செய்யுளின் பொருள், நயம், இலக்கணக் குறிப்பு எல்லாம் ஒரே தடத்தில் ஓடும், மாணவன் தேறியும்விடுவான். பாடத்தில் இல்லாத ஒரு பாட்டைக் கையில் கொடுத்தால் மல்லாந்துவிடுவான்.

தென்மாவட்டங்களின் இளவட்டக்கல்லை இங்கே நினைத்துக்கொள்கிறேன். பழம்பெருமைக்காக அல்ல, கல்லால் நசுங்கிய விரல்களையும் பிசகிய முதுகுகளையும் பழம்பெருமை பேசுவோர் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கல்லின் பொறியியலுக்காக. உருண்டை, வழுவழுப்பு, பிடி கிடையாது. குந்தி அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, தொடையில் நிறுத்தி, நெஞ்சோடு உருட்டித் தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தக் கட்டத்திலும் கல்லுக்கென்று ஒரு பாதை இல்லை, தூக்குகிறவன்தான் பாதை. நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கல்தோறும் இன்றும் நூறு கிலோவைத் தாண்டிய கற்களைத் தூக்குகிறார்கள். பெண்களும் போட்டியில் இறங்குகிறார்கள். சிறுகல்லில் தொடங்கிப் பெருங்கல்லுக்குப் போகும் படிமுறையும், சுற்றி நின்று திருத்தும் பெரியவர்களும் அந்தத் திடலில் இருந்தார்கள். குளிர்சாதனக் கூடத்தில் அவர்கள் இல்லை.

பாதுகாப்பு என்ற வாதத்துக்கு வருகிறேன். துணைக்கு ஆளில்லாமல் தனிப் பாரில் படுத்து மார்புப்பளு தள்ளுவது உயிருக்கே ஆபத்து. உண்மைதான். அதற்கு மருந்து ஸ்மித் எந்திரம் மட்டுமல்ல. நான்கு தூண்களும் நெஞ்சுயரத்தில் குறுக்குக் கம்பிகளும் கொண்ட இரும்புக் கூண்டு போதும். பார் நழுவினால் கம்பி தாங்கும். தண்டு, உறை, எதிர்ப்பளு எதுவும் வேண்டாத அந்தக் கூண்டைப் பற்றவைக்கத் தெரியாத பட்டறை கும்மிடிப்பூண்டியில் உண்டா? இரும்பே எங்கள் ஊர்த் தொழில். விபத்தில் கால் பாதிக்கப்பட்டு மருத்துவர் ஆலோசனையோடு மீள்கிறவருக்கும், தனியே பழகும் முதியவருக்கும் எந்திரம் உதவும். அவர்களுக்காக ஒன்று ஓரத்தில் இருக்கட்டும். இருபது வயதுக்காரனை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

காலி பாரைக்கூடத் தூக்க முடியாத புதியவன் என்ன செய்வான் என்று கேட்கிறார்கள். தண்டால், பஸ்கி எடுப்பான். ஒரு மூங்கில் கழியை வைத்து அசைவைப் பழகுவான். பளுதூக்கும் வீரர்கள் தொடங்குவதே குச்சியில்தான்.

வீரர்கள் என்றதும் எங்கோ பல்கேரியாவைத் தேட வேண்டியதில்லை. 1978 எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில் 52 கிலோ பிரிவில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கமும், 56 கிலோ பிரிவில் தமிழ்ச்செல்வன் வெள்ளியும் வென்றார்கள். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார். 2018இல் கோல்ட் கோஸ்டிலும் தங்கம். அவருடைய தந்தையே பளுதூக்கும் வீரர், முன்னாள் ராணுவத்தினர். வீட்டிலேயே ஓர் ஆசான் இருந்தார் என்று பொருள். திருவள்ளூரிலிருந்து காட்பாடிக்கு ஒரே ரயில் பாதை. அந்தப் பாதையில் போய்த் திரும்பிய ஒரு பயிற்றுநரைக் கும்மிடிப்பூண்டிக்கு வரவழைக்க, ஒரு ஸ்மித் எந்திரத்தின் விலையில் எத்தனை மாதச் சம்பளம் தேறும் என்று கூடத்துக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஊராட்சிக் காசில் உடற்பயிற்சிக் கூடம் திறக்கிறவர்களும் அதே கணக்கைப் போடலாம்: ஒரு மரமேடை, இரண்டு பார், தகடுகள், ஒரு கூண்டு, மாலையில் மூன்று மணிநேரம் நிற்க ஓர் ஆள்.