பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டுமா?

கொடைக்கானலில் குறிஞ்சி 2006-ல் பூத்தது. அப்புறம் 2018-ல். இனி 2030-ல்தான். சரி, நடுவில் வருகிற நாலாயிரத்துச் சொச்சம் நாட்களில் அந்த மலை சும்மாவா இருக்கிறது?

நம்மில் பலர் சந்தோஷத்தையும் குறிஞ்சி மாதிரிதான் நினைக்கிறோம். ரிசல்ட் வரட்டும், வேலை கிடைக்கட்டும், சொந்த வீடு அமையட்டும், அப்புறம் சந்தோஷமாக இருக்கலாம் என்று!

கொடைக்கானலுக்கு வருகிற கூட்டத்தையே பாருங்களேன். தூண் பாறை, குணா குகை, பசுமைப் பள்ளத்தாக்கு, கோக்கர்ஸ் வாக்... கையில் ஒரு பட்டியல். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தாக வேண்டும். தூண் பாறையை மேகம் மூடிவிட்டால், "காசு வேஸ்ட்" என்று முகம் சுருங்கிவிடுகிறது. அட, கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகிற அந்த மேகம் கீழே வத்தலக்குண்டில் கிடைக்குமா?

இந்த ஓட்டத்துக்கான விலையை மலைதான் கொடுக்கிறது. நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் தினம் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள்தான் என்று வரம்பே வைக்க வேண்டியதாயிற்று.

அதே மலையில் 1901-லிருந்து சூரியனைக் கவனித்து வருகிற ஆய்வகம் ஒன்று இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கிற நாளெல்லாம், நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்து வைக்கிறார்கள். தினமும் உதிக்கிற அதே சூரியன்தான்! சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். தினமும் வருகிறது என்பதாலேயே ஒன்று அற்பமாகிவிடாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "இருப்பதில் சந்தோஷப்படு" என்று இல்லாதவர்களுக்கு உபதேசம் செய்வது ரொம்ப சுலபம். குளிரில் நின்று மக்காச்சோளம் சுட்டு விற்கிற அம்மாவுக்கு முதலில் வேண்டியது நல்ல வருமானம், மேகத்தின் அழகைப் பற்றிய பாடம் அல்ல. நான் சொல்வது அவருக்கு இல்லை. வசதி இருந்தும் நேரமில்லை என்று ஓடுகிற நமக்கு.

அடுத்த முறை மலையேறினால் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். 1863-ல் உருவாக்கிய அந்த ஏரியை நடந்தே ஒரு சுற்று சுற்றுங்கள். ஐந்து கிலோமீட்டர்தான். நடுவில் சூடாக ஒரு டீ. மேகம் வந்தால் வரட்டும். இதனால் மலைக்கும் பாரமில்லை, பர்ஸுக்கும் பாரமில்லை :)

அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட், கரண்ட் போன ராத்திரியில் மொட்டை மாடிக் காற்று, பரீட்சை முடிந்த மத்தியானத் தூக்கம்... உங்களிடமும் ஒரு நாலைந்தாவது இருக்குமே?

2030-ல் குறிஞ்சி பூக்கட்டும், கண்டிப்பாகப் போய்ப் பார்ப்போம். ஆனால் அதுவரை சந்தோஷத்தைத் தள்ளிப்போட வேண்டாமே!