கண் தாவுது, மனசு?

இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறீர்கள், இல்லையா? கிடையாது. தவளை மாதிரித் தாவுகிறது. தாவும், கால் வினாடி நிற்கும், மறுபடி தாவும். நிற்கும்போதுதான் படிக்கிறோம். பாரிஸ் கண் டாக்டர் ழவால் 1879-லேயே இந்தத் தாவலைப் பற்றி எழுதிவிட்டார். அமெரிக்காவில் எட்மண்ட் ஹ்யூயி என்பவர் விழி மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கிண்ணம் ஒட்டி, அதில் அலுமினிய முள் மாட்டி அளந்து பார்த்தார்!

இப்போது அந்தக் கொடுமை இல்லை. இன்ஃப்ராரெட் கேமரா முன்னால் குழந்தை ரெண்டு பாரா படித்தால் போதும். படிப்பதில் சிக்கல் உண்டா என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம். 2016-ல் ஸ்வீடன் ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. 9, 10 வயதுப் பிள்ளைகள் 185 பேர். கண் அசைவை மட்டும் வைத்து 96 சதவிகிதம் சரியாகப் பிரித்துவிட்டார்கள்.

கை தட்டுமுன் ஒரு சின்னக் கணக்கு. அந்த 185 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர், வேறு பரீட்சைகளில் முன்பே 'சிக்கல்' என்று பிரிக்கப்பட்டவர்கள். நிஜப் பள்ளிக்கூடம் அப்படியா இருக்கிறது? ஆயிரம் பிள்ளைகளில் 50 பேருக்குச் சிக்கல் என்று வையுங்கள். மெஷின் 48 பேரைப் பிடிக்கும். சபாஷ். ஆனால் மிச்ச 950 பேரில் நூற்றுக்கு நாலு பேர், அதாவது 38 பிள்ளைகள், ஒரு குறையும் இல்லாமலே மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் நெற்றியில் குத்தின முத்திரையை யார் அழிப்பது?

இன்னொன்று. கண் தடுமாறுவதால் படிப்பு வராமல் போவதில்லை. படிப்பு வராததால் கண் தடுமாறுகிறது. திணறுகிற பிள்ளையிடம் அவன் லெவலுக்குச் சுலபமான பாடத்தைக் கொடுங்கள், கண் ஒழுங்காகப் போகும். உங்களிடம் வீட்டுக்கடன் பத்திரத்தைக் கொடுத்தால், நீங்களும் வரிக்கு வரி பின்னால் போவீர்கள். நன்றாகப் படிப்பவர்களுக்கே பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கித்தான் இருக்கும். அது குறையல்ல ஸார், புரிந்துகொள்கிற முயற்சி.

இது தெரியாமல் 'கண்ணுக்கு எக்சர்சைஸ் கொடுத்தால் படிப்பு வரும்' என்று பணம் பிடுங்குபவர்களும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் சங்கங்கள் 2009-ல் சேர்ந்தே சொல்லிவிட்டன: இதற்கு ஆதாரம் போதாது என்று. தெர்மாமீட்டரை உதறினால் ஜுரம் இறங்குமா?

மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிற டீச்சருக்கு அது நல்ல சல்லடை. யாரை முதலில் கவனிக்கலாம் என்று காட்டட்டும். ஆனால் ஸ்வீடிஷ் பிள்ளைகளை அளந்த கோலால் தமிழ் படிக்கிற பிள்ளையை அளக்காதீர்கள். எழுத்து வேறு, வார்த்தையின் நீளம் வேறு. இங்கே புதிதாக அளந்தாக வேண்டும். தீர்ப்பை மட்டும் ஒரு மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். பிடிபட்ட பிள்ளைக்கு எழுத்தையும் ஒலியையும் பொறுமையாகச் சேர்த்துச் சொல்லித்தரவும் ஆள் வேண்டும். அது இல்லாமல் மெஷின் மட்டும் வாங்குவது வீண்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளையை ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முடித்ததும், "கதையில என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள். கண் எத்தனை முறை தாவியது என்பதை அந்தப் பதில் சொல்லாது. படித்தானா என்பதைச் சொல்லிவிடும்.