உட்கார்ந்தே மூப்படைவது ஐடிக்காரர் மட்டுமா?

"உட்கார்ந்து கெடுவது ஓஎம்ஆர் ஐடிக்காரர் உடம்பு, ராயபுரம், திருவொற்றியூர் உழைப்பாளிக்கு அந்தக் கவலை இல்லை" என்று வாதிடுகிறவர்கள் எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கம் வந்ததே இல்லையா? சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்கின்றன. வரிசை எப்போது நகருமென்று தெரியாததால் ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்குவதில்லை.

லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த ஜெரமி மோரிஸ் 1953இலேயே சொல்லிவிட்டார்: மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டியவர்களுக்குத்தான் இதயநோய் அதிகம். 2008இல் வெளியான பிரிட்டன் இரட்டையர் ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை அசைக்காதவர்களின் வெள்ளணுக்களில் குரோமோசோம் முனைகளைக் காக்கும் டெலோமியர் குட்டையாக இருந்தது. செல் மூப்படைவதன் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

"இறங்கி நடக்கட்டுமே" என்பீர்கள். அந்த டீசல் புகையிலா? முதலில் லாரி நிறுத்துமிடமும் கழிப்பறையும் ஓய்வறையும் கட்டிக்கொடுங்கள்.