காணோம் என்று சொல்லும் யோக்கியதை

"ஆகாயத்தில் எங்கிருந்தோ ரேடியோ வெடிப்பு வருகிறதாம், காரணம் விஞ்ஞானிகளுக்கே முழுதும் விளங்கவில்லையாம், ஆகவே எல்லாம் அவன் செயல்" என்று சில ஆஸ்திகர்கள் பேசித் திரிகிறார்கள். விளங்காத இடத்தையெல்லாம் கடவுளுக்குப் பட்டா எழுதுவது இவர்களுக்குப் பழைய தொழில். ஆதலால் சங்கதி இன்னதென்று தோழர்கள் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

2007-ல் லோரிமர் என்பவரும் அவருடைய சகாக்களும், ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னுமிடத்துத் தொலைநோக்கியின் 2001-ம் வருஷப் பதிவுகளைப் புரட்டியபோது, வினாடியில் இருநூற்றில் ஒரு பங்கு நேரங்கூட நிற்காத ஒரு ரேடியோ வெடிப்பைக் கண்டார்கள். பிறகு இப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் அகப்பட்டன. அநேகமாக எல்லாம் நம் நட்சத்திர மண்டலத்திற்கு வெகுதூரம் அப்பாலிருந்து வருபவை.

அதே பார்க்ஸில் இவற்றைப் போன்ற வேறு சில அலைகளும் அவ்வப்போது தென்பட்டன. அவை எங்கிருந்து வந்தன தெரியுமா? மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து! ஆராய்ச்சி நிலையத்தில் சாப்பாடு சூடாக்கும் அடுப்பின் கதவை, அது நிற்குமுன் யாரோ அவசரப்பட்டுத் திறந்ததால் வந்த அலைகள் என்று 2015-ல் அவர்களே கண்டுபிடித்து, வெட்கப்படாமல் அச்சிட்டு வெளியிட்டார்கள். ஆகாயத்து வெடிப்புகள் அடுப்பினால் வந்தவையல்ல என்பதையும் சோதித்தே சொன்னார்கள். தம் கர்ப்பக்கிரகத்துச் சங்கதியை இப்படித் தாமே சோதித்து அச்சுப்போட்ட புரோகிதர் ஒருவரையாவது காட்ட முடியுமா?

இனி காமா கிரணத்திற்கு வருவோம். செத்துச் சுருங்கிய, காந்த சக்தி அபாரமாயுள்ள நட்சத்திரங்களே இவ்வெடிப்புகளை உண்டாக்குகின்றன என்பது பலருடைய அபிப்பிராயம். அப்படியானால் ரேடியோவோடு கடும் சக்தியுள்ள காமா கிரணமும் வரலாமல்லவா? அக்கிரணம் காற்றில் மோதினால் கணத்தில் மறையும் நீல வெளிச்சம் உண்டாகும். அதைப் பிடிக்க நமீபியாவில் ஹெஸ், கானரித் தீவில் மாஜிக், அரிசோனாவில் வெரிடாஸ் என்று பெருங்கண்ணாடிகள் வைத்திருக்கிறார்கள்.

2020 ஏப்ரல் 28-ல் நம் மண்டலத்திலுள்ள காந்த நட்சத்திரம் ஒன்றிலிருந்தே ரேடியோ வெடிப்பு வந்தது. கூடவே எக்ஸ் கிரணமும் வந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பு ஹெஸ் அந்நட்சத்திரத்தைச் சுமார் இரண்டு மணி நேரம் நோக்கியிருந்தது. அப்போதும் எக்ஸ் கிரண வெடிப்புகள் நிகழ்ந்தன. ஆனால் கடுங்காமா காணோம்.

"காணோம்" என்பதை அவர்கள் மூடிவைக்கவில்லை. இன்ன அளவுக்குமேல் வந்திருந்தால் எங்கள் கண்ணாடிக்குத் தப்பியிராது என்று கணக்குக் கட்டி வெளியிட்டார்கள். அதனால், அதைவிட அதிகமாய் வருமென்று சொல்லும் கொள்கை எதுவானாலும் அடிபட்டுப்போகும். தேடியதற்கு அதுவே லாபம். மழைக்கு யாகம் செய்து, மழை பெய்யாவிட்டாலும் தட்சணையைத் திருப்பித் தராதவர்களைக் கேட்கிறோம்: எத்தனை யாகம் செய்தோம், எத்தனை தடவை பெய்யவில்லை என்று எந்த ஊர்க் கோயில் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்?